ஊருக்கு வண்டி இருந்தால்தான் வீட்டு வண்டிக்கு மரியாதை

(தலைப்பு: வாழ்க்கையை உயர்த்துவது சொந்த வண்டியா, பொது வண்டியா? போடிநாயக்கனூரில் நடந்த பட்டிமன்றத்தில் ‘பொது வண்டியே’ என்ற அணியில் பேராசிரியை ஆற்றிய உரை.)

நடுவர் ஐயா அவர்களே, என் அணி நண்பர்களே, கார் சாவியை மேஜை மேல் எடுத்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்த எதிரணி அன்பர்களே, ஏலக்காய் மணக்கும் இந்தப் போடி நகரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே!

எனக்கு முன்னால் பேசிய தம்பி ரொம்ப உருக்கமாகப் பேசினார். “அப்பா ஸ்கூட்டர் ஓட்டுறார். முன்னால ஒரு பிள்ளை, பின்னால அம்மா, அம்மா மடியில இன்னொரு பிள்ளை. மழை கொட்டுது. அதைப் பார்த்து மனசு இளகித்தான் ரத்தன் டாட்டா ஒரு லட்ச ரூபாய் கார் செய்தார்” என்றார். உண்மைதான். 2008-இல் நானோ காரைக் கொண்டுவந்து காட்டினார்கள். நாடே கை தட்டியது. ஆனால் தம்பி கதையில் பாதி வழியிலேயே இறங்கிவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். 2018-இல் அந்தக் கார் செய்வதே நின்றுபோனது. காரணம் பல உண்டு. அதில் ஒன்று, ‘மலிவுக் கார்’ என்று அதற்குப் பெயர் விழுந்ததுதான். நனையாமல் போவதற்குத்தான் கார் என்றால் நானோ போதுமே தம்பி! பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்க்கணும் என்பதற்கும் சேர்த்துத்தானே நாம் கார் வாங்குகிறோம்! (சிரிப்பு)

எங்கள் வீட்டிலும் ஒரு கார் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையானால் அதைக் குளிப்பாட்டுகிற அழகைப் பார்க்கணும். எங்க பிள்ளைகளை அவர் ஒருநாள் அப்படிக் குளிப்பாட்டியது கிடையாது. (சிரிப்பு) அதனால் காரே கூடாது என்று பேச நான் வரவில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஊருக்கு வண்டி இருந்தால், வீட்டுக்கு வண்டி வசதி. ஊருக்கு வண்டி இல்லை என்றால், பணம் உள்ளவனுக்குக் கார் கட்டாயம். பணம் இல்லாதவனுக்கு அதுவே தண்டனை. இதைத்தான் நான் நிரூபிக்கப் போகிறேன்.

எதிரணித் தலைவர் பாரி வள்ளலை அழைத்துக்கொண்டு வந்தார். “தேர் வைத்திருந்தவன்தானய்யா கொடுக்க முடிந்தது” என்றார். தமிழ் படித்தவளிடம் பாரியைக் கொண்டுவந்தால் நான் விடுவேனா? தேர் வைத்திருந்தார்கள் மூவேந்தர்களும். அவர்கள் தேருக்கு என்ன நிறம் என்று யாருக்காவது தெரியுமா? பாரி பேர் நின்றது எதனால்? தேரை வைத்திருந்ததனாலா? படர வழியில்லாமல் தவித்த ஒரு முல்லைக் கொடிக்காகத் தேரை விட்டு இறங்கி நடந்தானே, அதனால்! எதிரணி நண்பர்கள் அந்தச் சாவியை இந்த மேடையிலேயே கொடுத்துவிட்டு நடந்து போகட்டும். அவர்கள் பேரும் நிற்கும். (கைதட்டல்)

அப்புறம் அமெரிக்காவைப் பாருங்கள் என்றார்கள். பார்ப்போம். 1908-இல் ஹென்றி ஃபோர்டு ‘மாடல் டி’ என்று ஒரு காரைக் கொண்டுவந்தார். அப்போது விலை 850 டாலர். வண்டி நகர்ந்துகொண்டே போகும், ஆள் நின்ற இடத்திலேயே வேலை செய்வான் என்று ஒரு புது முறையை 1913-இல் ஏற்படுத்தினார். விலை இறங்கி, இறங்கி, முந்நூறு டாலருக்கும் கீழே வந்தது. காட்டுக்குள்ளே தனியாகக் கிடந்த விவசாயி டவுனுக்கு வந்தான். டாக்டர் கிராமத்துக்குப் போனார். நல்லதுதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் பிறகு என்ன ஆச்சு? 1956-இல் ஒரு சட்டம் போட்டு 41,000 மைலுக்கு நெடுஞ்சாலை போடத் தீர்மானித்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஊர் ஊராக ஓடிய சிவப்பு டிராம் வண்டிகளில் கடைசி வண்டி 1961-இல் நின்றது. வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், ஆபீஸ் ஒரு பக்கம். நடுவில் ரோடு. கார் இருக்கிறவனை மனசில் வைத்தே ஊரைக் கட்டினார்கள். கார் இல்லாதவனை மறந்துபோனார்கள்.

என் மகள் வீட்டுக்கு டெக்சாஸ் போயிருந்தேன். ஒருநாள் பால் தீர்ந்துபோச்சு. “நான் நடந்துபோய் வாங்கிட்டு வர்றேன்” என்று கிளம்பினேன். நடைபாதை பாதியிலேயே முடிந்துபோச்சு. ஓரமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு அம்மா காரை நிறுத்தி, “உங்கள் கார் பழுதாகிவிட்டதா?” என்று கேட்டார். அங்கே ஒருத்தி ரோட்டில் நடக்கிறாள் என்றால் அவள் கார் கெட்டுப்போச்சு என்று அர்த்தம்! (சிரிப்பு)

அங்கே நம்ம தேனிப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தரைச் சந்தித்தேன். இங்கே இருந்தவரைக்கும் தினம் டவுன் பஸ் பிடித்துச் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வந்தவர். “எப்படிய்யா இருக்கீங்க?” என்றேன். “நல்லாருக்கேன் தாயி. வீடு பெருசு. ஜன்னலும் பெருசு. சனிக்கிழமை மகன் வீட்ல இருந்தாத்தான் எனக்குக் காலு முளைக்கும்” என்றார். பஞ்சமே இல்லாத நாட்டில், ஓட்டத் தெரியாத ஒரு மனிதனுக்கு வாரத்தில் ஒருநாள்தான் கால்! இதுவா வாழ்க்கை உயர்ந்தது?

இந்த இடத்தில் எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. “பொது வண்டி, பொது வண்டி என்கிறீர்களே, அமெரிக்காவில் கறுப்பின மக்களை அவமானப்படுத்தியதே அந்தப் பஸ்தானே? அவர்கள் மானத்தைக் காப்பாற்றியது சொந்தக் கார்தானே?” என்றார். ஆமாம். 1955 டிசம்பர் 1. மான்ட்கோமரி என்ற ஊர். ரோசா பார்க்ஸ் என்ற அம்மையார், வெள்ளைக்காரருக்காகச் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார். கைது செய்தார்கள். ஊரில் இருந்த கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறுவதையே நிறுத்தினார்கள். ஒருநாள், ரெண்டுநாள் இல்லை, 381 நாள்! வேலைக்கு எப்படிப் போனார்கள்? நடந்து போனார்கள். கார் வைத்திருந்தவர்கள், ஏறத்தாழ முந்நூறு காரை ஊருக்காக ஓட்டினார்கள். மார்ட்டின் லூதர் கிங்கே தன் காரில் ஆள் ஏற்றிக்கொண்டு போனார். இருபத்தைந்து மைல் வேகம் போகவேண்டிய இடத்தில் முப்பது போனார் என்று அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அந்த வண்டிகளுக்கு இருந்த இன்சூரன்சை ரத்து செய்தார்கள். கடைசியில் லண்டனில் இருந்த லாயிட்ஸ் மூலமாகத்தான் இன்சூரன்ஸ் கிடைத்தது.

சகோதரி, இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, அந்த முந்நூறு கார்களும் அன்றைக்குச் சொந்த வண்டியாகவா ஓடின? ஊர் வண்டியாக ஓடின! இரண்டு, அவர்கள் எதற்காக அத்தனை நாள் நடந்தார்கள்? ஆளுக்கொரு கார் வேண்டும் என்றா? அதே பஸ்ஸில், முன்சீட்டில், மானத்தோடு உட்கார வேண்டும் என்று! 1956 டிசம்பரில் உட்கார்ந்தார்கள். நீங்கள் சொன்ன உதாரணம் எங்கள் கட்சி உதாரணம். நன்றி! (பலத்த கைதட்டல்)

கூலிக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போன வண்டி என்றதும் போடிக்காரர்களுக்கு எது ஞாபகம் வரும்? நம்ம ஜீப்பு! விடியுமுன்னே இந்தத் தெருக்களில் வந்து நிற்கும். தூக்குச்சட்டியில் சோறு, தலையில் ஒரு துண்டு. தாய்மார்கள் ஏறுவார்கள். முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி, போடிமெட்டு ஏறி, கேரளத்துப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்குப் போகும். என் சின்னம்மா ரொம்ப வருஷம் அப்படிக் காய் எடுக்கப் போனவர். ஏலக்காய் மரத்தில் தொங்காது. செடியின் தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். பகல் முழுக்கக் குனிந்த முதுகு நிமிராது. அட்டைக்கடி வேறு. அவரிடம் நான் சின்னப் பிள்ளையாகக் கேட்டேன், “ஜீப்புல ஜன்னலோரமா உக்காருவீங்களா சின்னம்மா?” அவர் சொன்னார்: “உக்கார்றதா? எங்கள அடுக்குவாங்கடி!”

அடுக்குவார்கள்! விறகை அடுக்குகிற மாதிரி, மனுஷியை அடுக்குவார்கள். வள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் என்ன சொன்னார்? ஏற்றுகிற சரக்கு மயிலிறகாகவே இருக்கட்டும், அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்றார். மயிலிறகுக்கே அச்சு முறியும் என்றால், வேலை செய்து களைத்த பத்துப் பதினைந்து பேரை ஒரு ஜீப்பில் ஏற்றினால்? மெட்டுச் சாலையில் ஜீப் கவிழ்ந்தது என்ற செய்தியை இந்த ஊர் எத்தனை முறை கேட்டிருக்கும்! கேட்டு எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்திருக்கும்!

ஜீப் ஓட்டுகிற தம்பிகளை நான் குறை சொல்லவில்லை. பஸ் போகாத தோட்டப் பாதையில் அவன்தான் போகிறான். மழையிலும் பனியிலும் அவன்தான் ஓட்டுகிறான். அவனுக்கும் வீட்டில் பிள்ளை குட்டி உண்டு. ஆனால் ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். சொந்த உபயோகத்துக்கு என்று பதிவு செய்த வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றினால், நாளைக்கு ஒரு விபத்து என்றால், இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் முதலில் என்ன கேட்பார்? “இது என்ன வண்டி? எத்தனை பேருக்கு அனுமதி?” என்றுதான் கேட்பார். பதில் சொல்ல வேண்டியவள் யார்? புருஷனையோ பெற்றவளையோ பறிகொடுத்துவிட்டுக் கோர்ட்டு வாசலில் நிற்கிறவள்! முன்பு ஒரு பசுவின் கன்று தேர்க்காலில் மாட்டிச் செத்தது. தாய்ப்பசு போய் ஆராய்ச்சி மணியை அடித்தது. மனுநீதிச் சோழன் எழுந்து வந்தான். பசுவுக்குக்கூட அடிக்க ஒரு மணி இருந்ததய்யா! இந்தத் தாய்மார்களுக்கு எந்த மணி இருக்கிறது?

(நடுவர் மணி அடிக்கிறார்.)

பார்த்தீர்களா, மணியைக்கூட எனக்குத்தான் அடிக்கிறார்! (சிரிப்பு) ரெண்டே நிமிஷம், முடித்துவிடுகிறேன் ஐயா.

இந்த மலையின் சரித்திரத்தைக் கொஞ்சம் பாருங்கள். மூணாறுத் தேயிலையைக் கொண்டுவர வெள்ளைக்காரன் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டான். 1908-இல் ரயிலே விட்டான். டாப் ஸ்டேஷன் வரைக்கும் ரயில், அங்கிருந்து கீழே குரங்கணிப் பக்கத்துக்குக் கயிற்றுப் பாதை, அப்புறம் போடி. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. எல்லாம் சரி. தேயிலை கயிற்றில் பறந்து வந்ததே, அதைப் பறித்த கை எப்படி மலை ஏறியது? காலால் நடந்து ஏறியது! இன்றைக்கும் பாருங்கள். ஏலக்காய்க்குக் கம்ப்யூட்டரில் ஏலம். பருமன் பார்த்து, நிறம் பார்த்து, தரம் பிரித்து, எடை போட்டு, மூட்டை கட்டுகிறோம். காய்க்கு எடை உண்டு. எடுக்கிற ஆளுக்கு மட்டும் எண்ணிக்கை இல்லையா?

அந்த ரயில், அகலப் பாதை போடுவதற்காக 2010-ஆம் ஆண்டோடு நின்றது. மறுபடி போடிக்கு வந்தது எப்போது? 2023 ஜூன் 15. பன்னிரண்டு வருஷத்துக்கு மேலே! கார் வைத்திருந்தவருக்கு அந்தப் பன்னிரண்டு வருஷமும் ஒன்றும் குறையவில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கூட்டிப்போன ஏழையைக் கேளுங்கள், ரயில் என்றால் என்ன என்று சொல்வார். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றார்கள். சிலர் கேலி பேசினார்கள். வீட்டுக்காரரிடம் கையேந்தாமல் ஒரு பெண் வீட்டு வாசலைத் தாண்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருக்கிற தாய்மார்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பஸ் எல்லை தாண்டிக் கேரளத்துத் தோட்டத்துக்குள் போகாது. அங்கேதான் நம் சின்னம்மாக்கள் நிற்கிறார்கள்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். ஜீப்பை ஒழிக்கச் சொல்லவில்லை. ஜீப்பையும் ஊர் வண்டியாக நடத்துங்கள். இத்தனை சீட்டு, இத்தனை பேர், இன்ன பாதை, இன்ன இன்சூரன்ஸ் என்று வரையறை செய்யுங்கள். ரெண்டு மாநிலமும் உட்கார்ந்து பேசட்டும். ஆள் குறைத்து ஏற்றினால் ஆகிற கூடுதல் செலவைத் தோட்ட முதலாளி ஏற்கட்டும். அதைக் கூலியில் பிடிக்கக் கூடாது. பஸ் ஏறுகிற பாதை வரைக்கும், வேலை தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் பஸ் விடட்டும். பாயசத்தில் ஒரு ஏலக்காய் தட்டிப் போடுகிறோமே, அந்த மணத்துக்கு நாம் கொடுக்க வேண்டிய விலையில் அந்த ஒரு சீட்டும் சேர்த்தி!

எதிரணி நண்பர்களே, உங்கள் கார் உங்களோடு சௌக்கியமாக இருக்கட்டும். ஆனால் தமிழன் வண்டிகளிலேயே பெரியதாக எதைச் செய்தான்? கோயில் தேரைச் செய்தான். அதற்குச் சொந்தக்காரர் யார்? யாரும் இல்லை, எல்லோரும்தான். வடம் பிடிக்க ஊரே வேண்டும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? போடிமெட்டுச் சாலையில் கடைசி ஜீப்பில் வருகிற கடைசித் தாய் உட்கார்ந்து வீடு வந்து சேர்கிற அன்றைக்கு இந்த ஊர் வாழ்க்கை உயர்ந்தது என்று நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த உயர்வைத் தருவது பொது வண்டியே, பொது வண்டியே என்று நடுவர் ஐயா தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.