மேல்கரையின் சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேச வல்லோர் பலர் இங்கே வீற்றிருக்க, பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் நம்மையும் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். பிறந்த மண்ணைப் பற்றியும், அங்கே பெருகும் வெள்ளத்தைப் பற்றியும் நாம் கண்டதையும் கேட்டதையும் சொல்லி அமர்கிறோம். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

நாம் பிறந்த ஊர் கார்வேட்டிநகரம். சமீன்தார்கள் ஆண்ட பழைய ஊர். வேணுகோபால சுவாமி கோயிலும், கந்த புஷ்கரணி என்னும் பெரிய திருக்குளமும் அதற்கு அணிகலன்கள். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமையும் வரையில் அது வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபொழுது, திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நம் ஊர் ஆந்திரத்தில் நின்றது. ஆகவே, வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வளர்ந்தவர்கள் நாம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றுவரை இரு பக்கமும் நடந்து வருகின்றன.

உறவைப் போலவே ஆறும் இரு பக்கத்துக்கும் பொதுவாய் ஓடுகிறது. நம் பகுதி மலைகளில் பெய்யும் மழை குசஸ்தலி ஆறாகத் திரண்டு, கார்வேட்டிநகரத்தை அடுத்த கிருஷ்ணாபுரம் அணையை நிரப்பி, பள்ளிப்பட்டு வழியே தமிழ்நாட்டினுள் புகுகிறது. அங்கே அதற்குக் கொசஸ்தலை என்று பெயர். பின்னர் 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தை அடைந்து, எண்ணூருக்கு அருகே கடலில் கலக்கிறது. சென்னை மக்கள் குடிக்கும் நீரில் நம் ஊர் மழைக்கும் பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்வதில் நமக்குச் சிறிது பெருமையே.

வட நாட்டில் வாழும் நாம் இங்குள்ள பேராறுகளைப் பார்க்கிறோம். கோடையில் இமயத்துப் பனி உருகி ஆறு மெல்ல ஏறுகிறது. ஆடி, ஆவணியில் பருவமழை சேர்ந்து பெருக்கெடுக்கிறது. நம் ஊர் ஆற்றின் இயல்பு வேறு. ஆண்டில் பெரும்பகுதி அது வெறும் மணல். பிள்ளைகள் அதில் பந்து விளையாடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயற்சின்னம் தோன்றினால், ஓர் இரவில் அந்த மணல் மறைந்துவிடும். மலையோ செங்குத்து, ஓடும் தொலைவோ குறைவு. பெய்த நீர் தங்கி நிற்க இடமின்றிப் பாய்ந்து வரும். முன்னோர் இதை அறிந்தே ஏரிக்குக் கீழ் ஏரி என்று சங்கிலியாக வெட்டிவைத்தார்கள். ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரி நிறையும். அந்தக் கால்வாய்கள் தூர்ந்தும், வீட்டுமனைகளாக மாறியும் போன இடங்களில், நீர் தன் பழைய வழியைத் தேடி வீட்டுக்குள்ளேயே வருகிறது.

2021 நவம்பர் மாதத்தை நாம் மறக்க முடியாது. அம் மாதம் 19-ஆம் நாள் விடியற்காலையில், காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே திருப்பதியில் மழை கொட்டித் தீர்த்தது. திருமலைப் பாதைகள் அடைபட்டன. சுவர்ணமுகி கரை புரண்டது. இராயலசெருவு என்னும் பழம்பெரும் ஏரியின் கரையில் கசிவு காணவே, சுற்றுப்புற மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கடப்பை மாவட்டத்தில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்து, கீழிருந்த சிற்றூர்களை வாரிச் சென்றது. நந்தலூருக்கும் இராஜம்பேட்டைக்கும் இடையே தண்டவாளத்தின் அடியிலிருந்த மண் அரித்துக்கொண்டு போய், ரயில்கள் நின்றன.

அதே மாதத்தில் நம் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு மாலையில், நலம் விசாரிக்க ஊரிலிருக்கும் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தோம். பேச்சோடு பேச்சாக, “அணை நிறைந்துவிட்டது, தண்ணீர் திறந்துவிட்டார்கள்” என்றார். நம் தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பது பள்ளிப்பட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில். மாப்பிள்ளை நாள்தோறும் விடியுமுன் பால் கேன்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஆற்றின் தரைப்பாலத்தைக் கடந்து போகிறவர். நமக்கு நெஞ்சு பதைத்தது. உடனே தங்கையை அழைத்தோம். “இங்கே மழை விட்டுவிட்டதே அண்ணா, வானம் தெளிவாக இருக்கிறதே” என்றாள். அவர்கள் தெருவுக்கு எந்த அறிவிப்பும் வந்திருக்கவில்லை. “உன் தலைக்குமேல் பெய்கிற மழையைப் பார்க்காதே அம்மா, மலையில் பெய்த மழை இனிமேல்தான் உன்னிடம் வரும்” என்று மன்றாடிக் கேட்டுக்கொண்டோம். மாப்பிள்ளை மறுநாள் போகவில்லை. விடியும்பொழுது தரைப்பாலம் இருந்த இடமே தெரியவில்லையாம்.

கேட்கிறவர்கள் நம்மைப் பாராட்டக்கூடும். ஆனால் அன்று நாம் செய்த பிழை ஒன்றும் உண்டு. நம் வீட்டாரைக் காத்தவுடன் கவலை தீர்ந்தது என்று படுத்துவிட்டோம். ஆற்றோரக் கொட்டகையில் குடியிருந்த வாரக்குடியானவர் ஒருவருக்கும் சொல்லிவிடு என்று தங்கையிடம் சொல்லத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. அந்த ஏழை மோட்டார் அறையின் கூரைமேல் ஏறி உயிர் பிழைத்தார். கட்டியிருந்த இரண்டு கறவைப் பசுக்கள் போய்விட்டன. அடுத்த பொங்கலுக்குச் சென்றபொழுது, அந்த வெறும் முளைக்குச்சிகளைப் பார்த்தோம். “முன்பே தெரிந்திருந்தால் கயிற்றையாவது அவிழ்த்து விட்டிருப்பேன் சாமி” என்றார். அவர் முகத்தை நேர்கொண்டு பார்க்க நம்மால் இயலவில்லை.

அன்பர்களே! நாம் வேலை பார்க்கும் ரயில்வே இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1956 நவம்பர் 23-ஆம் நாள், அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்ததை நாடு அறியும். இன்று பாலத் தூண்களில் அபாய அளவு வண்ணத்தால் தீட்டப்பட்டிருக்கிறது. மழைக்காலத்தில் இரவுதோறும் காவலர்கள் விளக்கோடு தண்டவாளத்தின் வழியே நடக்கிறார்கள். ஒருவருடைய எல்லை முடியும் இடத்தில், எதிர்ப்புறம் வந்தவரைச் சந்தித்து, தம் காவற் புத்தகத்தை அவரிடம் கொடுத்து, அவருடையதைத் தாம் வாங்கிக்கொள்கிறார்கள். ஒருவர் கண்டது அடுத்தவர் கைக்குப் போகிறது. மறுமுனையிலிருந்து ஆள் வரவில்லையானால், ஏதோ கேடு என்று உடனே விளங்கிவிடும்.

அந்தப் புத்தகம் கை மாறும் இடம் நம் ஊர்களுக்கிடையே இல்லை என்பதே நம் குறை. அரசினர் எச்சரிக்கை செய்கிறார்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது கடைசி வீட்டின் வாசலை எட்டுவதற்குள் தண்ணீர் எட்டிவிடுகிறது. அண்ணன் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் இடையே சில மைல்களே உண்டு. எனினும் அன்று அந்தச் சொல் அங்கிருந்து இங்கே வந்து, இங்கிருந்து திரும்பிப் போயிற்று. தொலைவில் இருக்கும் நாம் பயனற்றவர் அல்லர் என்பதற்கும் இதுவே சான்று.

ஆகவே, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வாசகசாலையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் சொந்த ஊர் எந்த ஆற்றின், எந்த ஏரியின் கீழே இருக்கிறது என்றும், அதற்கு மேலே உள்ள ஊர் எது, கீழே உள்ள ஊர் எது என்றும் எழுதட்டும். மேலூரில் ஒருவர், கீழூரில் ஒருவர் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். புரட்டாசிக்குள் அதைச் சரிபார்த்து வைப்போம். ஊரிலுள்ளோரிடம் பேசும்பொழுது இரண்டு செய்திகளைத் தவறாமல் சொல்வோம். முழங்கால் அளவு நீரானாலும் விரைந்து ஓடினால் ஆளைத் தள்ளிவிடும். இரண்டு அடி நீர் மோட்டார் காரையே மிதக்கச் செய்யும். ஆதலால் தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடும்பொழுது இறங்குதல் ஆகாது. இது ஒன்று. கேட்ட செய்தியைத் தம் வீட்டோடு நிறுத்தாமல், ஆற்றோரக் கடைசிக் குடிசைவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இது மற்றொன்று.

மழையைத் தடுக்க நம்மால் ஆகாது. மேல்கரையில் கேட்ட சொல்லைக் கீழ்கரைக்குச் சேர்ப்பது நம்மால் ஆகும். அந்த நோட்டுப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் கார்வேட்டிநகரத்தையும் பள்ளிப்பட்டையும் நாமே எழுதித் தொடங்கி வைக்கிறோம். அடுத்த வரியை உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறோம்.