துயரத்துக்கு ஓர் ஒழுங்கு

தவக்காலத்து மாலைப் பொழுதிலே ஊர்காவற்றுறைப் பக்கத்துத் தேவாலயங்களில் ஓர் ஓசை எழுவதுண்டு. பாட்டு என்று சொல்வதற்கு அது நெடிது; வாசிப்பு என்று சொல்வதற்கு இனிது. ஒருவர் குரலை இழுத்து உரைநடையை ஓதுவார். இடையிடையே புலம்பற் பாடல்கள் எழும். அதுவே வியாகுலப் பிரசங்கம். வியாகுலம் என்றால் துயரம்.

இதனை இயற்றியவர் தமிழர் அல்லர். 1676ஆம் ஆண்டிலே கோவாவிற் பிறந்து, 1705ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளே இதன் ஆசிரியர். அக்காலம் கத்தோலிக்கருக்கு நற்காலம் அன்று. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் கோட்டையும் அவர்கள் கையிற் சிக்கியது. கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. குருமார் மறைந்து திரிந்தனர். குருவின் முகத்தைக் காண்பதே அரிதாயிருந்த ஊர்களுக்கு வேண்டியது யாது? எழுத்தறிந்த ஒருவர் எடுத்து ஓதவும், எழுத்தறியாதார் கேட்டு நெஞ்சில் இருத்தவும் ஏற்ற நூல் அன்றோ? அத்தகைய நூலை அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் ஆக்கித் தந்தார்.

ஒன்பது பிரசங்கங்கள். இயேசுநாதர் பாடுபட்ட கதை படிப்படியாக விரிகின்றது. உணர்வு மட்டும் மாறுவதில்லை. இறந்தவரை முன்னிலைப்படுத்தி, அவரோடு பேசி அழுவது தமிழர் ஒப்பாரியின் இயல்பு. மரியன்னை மகனை விளித்துப் புலம்பும்போது அந்த ஒப்பாரியே செவியில் விழுகின்றது. கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டுத் தாய்க்கு அதனை எவரும் விளக்க வேண்டியதில்லை.

1955ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாத்ரா, 16 பாடல்களைத் தனிமைத் துயரம் என்ற ஒரே உணர்விலே கோத்து இசைத்தட்டாக வெளியிட்டார். உதிரிப் பாடல்களை ஓர் உணர்வு முழுமையாக்கும் என்பதற்கு அதனை எடுத்துக்காட்டாகக் கூறுவர். அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டில் அவ்வாறான ஓர் ஒழுங்கு அமைந்துவிட்டது. அழுகைக்கு ஒழுங்கு அமைந்தால், தனியொருவர் துயரம் ஊராரின் துயரமாகின்றது. ஊரார் சுமக்கும்போது பாரமும் குறைகின்றது.

ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. சினாத்ராவின் குரல் தட்டிலே பதிந்துவிட்டது. பிரசங்கத்தின் சொற்கள் அச்சில் உள்ளன. எங்கே இழுப்பது, எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்பவை ஓதுவோர் வாய்வழியே வந்தவை. 1990ஆம் ஆண்டிலே போர் தீவகத்து மக்களைப் பெருந்தொகையாக இடம்பெயரச் செய்தது. ஊர் கலைந்தால் ஓதுவோரும் கேட்போரும் பிரிகின்றனர். அருகிருந்து பழகும் இளையோர் இல்லையெனில் ஓசை அறுந்துபோகும்.

ஆதலால் வரும் தவக்காலத்தில், ஓதத் தெரிந்த முதியவர் பக்கத்தில் இளையவர் ஒருவர் அமரட்டும். கையில் ஒலிப்பதிவுக் கருவி இருப்பது நன்று. அவர் ஓத, தாமும் கூடவே ஓதிப் பழகுவது அதனினும் நன்று.