மூன்றாவது பேனலுக்கு முன்னால்

மாடியில் வைத்த இரண்டு சோலார் பேனல் போதவில்லை என்றதும், மூன்றாவது வாங்கத்தான் வீட்டில் பேச்சு எழுகிறது. அதற்கு முன் மாடியேறி நிழலைப் பாருங்கள். பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒரே மின்னோட்டம்தான் எல்லாவற்றின் வழியாகவும் ஓட வேண்டும். தென்னங்கீற்றின் நிழல் ஒரே ஒரு செல்லை மூடினாலும் அந்த வரிசையே முடங்கிவிடும். 60 செல் பேனலில் வழக்கமாக மூன்று பைபாஸ் டயோடுகள் இருக்கும். அவை நிழல் விழுந்த பகுதியை ஒதுக்கி மற்றதைக் காப்பாற்றும். அப்படியும் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. கையகல நிழலுக்கு இது மிகப் பெரிய விலை.

நிழலுக்கு அடுத்தது தூசி. அதை மழை கழுவிவிடாதா என்பார்கள். கழுவும். ஆனால் வெயில் கொளுத்தும் மார்ச், ஏப்ரலில் நம் பக்கம் மழை ஏது? விடியற்காலையில், கண்ணாடி சூடேறும் முன், மென்மையான துணியால் துடைத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம், வெள்ளைப் படலம் தங்கிவிடும். வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறும் என்பதும் பாதி உண்மைதான். பேனலுக்கு ஒளி வேண்டும், சூடு ஆகாது: செல்லின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். ஆகவே தளத்தோடு ஒட்டாமல், அடியில் காற்று ஓடும்படி உயர்த்தி, தெற்கு பார்த்துச் சாய்த்து மாட்டச் சொல்லுங்கள்.