அன்றைய புகாட்டியும் இன்றைய சிட்ரோயனும்



நமது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம். 1924ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பிரான்சிலே லியோன் நகரருகே ஒரு கார்ப் பந்தயம் நடைபெற்றது. புகாட்டி டைப் 35 என்னும் வண்டி முதன்முதலாகக் களமிறங்கியது அங்கேதான். அன்று டயர்கள் அதன் காலை வாரிவிட்டன. வெற்றி இத்தாலிய ஆல்ஃபா ரோமியோவுக்குப் போயிற்று. ஆயினும், 1925 முதல் 1929 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து, சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் புகாட்டி வண்டிகளே வாகை சூடின.

இதனோடு ஒப்பிட மற்றொரு பிரெஞ்சுப் பெயரை எடுத்துக்கொள்கிறேன். திருவள்ளூர் மாவட்டத்தில் உருவாகி, 2022இல் விற்பனைக்கு வந்த சிட்ரோயன் சி3 என்னும் கார் அது. பந்தயக் குதிரையையும் வண்டி மாட்டையும் ஒப்பிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். புகாட்டியின் எஞ்சினில் வரிசையாக எட்டு உருளைகள். கொள்ளளவு ஏறக்குறைய 2 லிட்டர். ஆற்றல் சுமார் 90 குதிரைத் திறன். சிட்ரோயனுக்கோ மூன்றே உருளைகள், கொள்ளளவு 1.2 லிட்டர், ஆற்றல் சுமார் 82 குதிரைத் திறன். அன்று பந்தய வீரன் ஆண்ட ஆற்றல், இன்று கடைத்தெருவுக்குச் செல்லும் குடும்பத்தின் கையில் இருக்கிறது!

அப்படியானால் உண்மையான வளர்ச்சி எங்கே? நிறுத்துவதிலே என்பேன். புகாட்டியின் பிரேக்குகள் கம்பி வடத்தால் இழுக்கப்பட்டவை. சக்கரம் இறுகிச் சறுக்கினால், ஓட்டுபவனின் காலும் கையுமே துணை. இருக்கைப் பட்டையும் இல்லை; தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிணைக்கும் பட்டை 1959இல்தான் ஸ்வீடன் நாட்டு வால்வோ காரில் வந்தது. இன்றைய காரிலோ, சக்கரம் சுழலும் வேகத்தை உணர்கருவிகள் இடையறாது கவனிக்கின்றன. சக்கரம் இறுகப் போகும் தருணத்தில், பிரேக்கின் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கின்றன. ஆகவே பிரேக் பிடித்தவாறே வண்டியைத் திருப்பவும் இயலும். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் இவ்வமைப்பு கட்டாயமாயிற்று.

ஆனால் இயற்கையின் விதி மாறவில்லை. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். எந்தக் கருவியும் இதனை வெல்லாது. பழைய வண்டி தன் குலுக்கலாலும் இரைச்சலாலும் ஆபத்தை ஓயாது அறிவித்தது. புதிய வண்டி அமைதியாகச் சென்று வேகத்தை மறக்கச் செய்கிறது. இதுவே நாம் அஞ்சவேண்டிய இடம்.

மாங்கனித் திருவிழாவின் கூட்டமும், திருநள்ளாற்றுக்கு நடந்து செல்லும் அடியார்களும் நிறைந்தவை நம் சாலைகள். அவர்களுக்கு இருக்கைப் பட்டை ஏது? நாளை வண்டியோட்டப் போகும் இளைஞர்களே, புகாட்டி வீரனின் விழிப்பைச் சிட்ரோயனின் இருக்கையிலும் மறவாதீர்கள். கருவி நம்மைக் காக்கலாம். வழியில் நடப்பவரைக் காக்க வேண்டியது நமது கடமை.