மூட்டையும் பேரேடும்

இணையவழிக் கணக்கியல் சான்றிதழை இன்று கையில் வாங்கப்போகும் அண்ணாச்சிமாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே!

பட்டமளிப்பு விழா என்றால் மாணவர்களைப் பார்த்து, "இனிமேல்தான் நீங்கள் உலகத்துக்குள் நுழையப் போகிறீர்கள்" என்று சொல்வது வழக்கம். இங்கே அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். டவுன் ரத வீதியில் ஜவுளிக்கடை பில் போடுகிறவர் இங்கே இருக்கிறார். அம்பாசமுத்திரம் அரிசி ஆலையில் எடை பார்க்கிறவர் இருக்கிறார். முக்கூடல் பக்கம் பீடிக் கடையில் இலையும் தூளும் அளந்து கொடுக்கிறவர் இருக்கிறார். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஸ்டோர் பொறுப்பைக் கவனிக்கிறவரும் இருக்கிறார். ராத்திரி கடை அடைத்து, வீட்டு வேலை முடித்து, மிச்சமிருந்த நேரத்தில் படித்தவர்கள் நீங்கள். அந்தச் சிரமத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. அது உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் தெரியும். பாளையங்கோட்டையில் ஆடிட்டர் தொழில் பார்க்கிறவன் என்ற முறையில் வேறொன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். மூட்டையைத் தூக்கியவர் ஒருவர், கணக்கை எழுதியவர் வேறொருவர் என்பதுதான் நெடுங்காலமாக நம் ஊர் வழக்கம். நீங்கள் இரண்டையும் அறிந்தவர்கள். அதுதான் உங்கள் பலம், அதுவேதான் உங்கள் பொறுப்பும்.

இந்தத் தாமிரபரணிக் கரைக்குக் கணக்கு புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் வரகுணனின் கல்வெட்டு ஒன்று அம்பாசமுத்திரத்தில் கிடைத்திருக்கிறது. கோயில் வழிபாட்டுக்காக 290 காசை மன்னன் இளங்கோக்குடிச் சபையாரிடம் ஒப்படைக்கிறான். முதல் தொகையில் கை வைக்கக் கூடாது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி, ஆகமொத்தம் 580 கலம். அந்த நெல்லைக் கொண்டு என்னென்ன படைக்க வேண்டும் என்பதும் அதே கல்லில் வரிசையாக வருகிறது. முதல், வட்டி, செலவு மூன்றும் ஊரறிய ஒரே இடத்தில். இன்றைக்கு ஒரு அறக்கட்டளைக் கணக்கை நான் தணிக்கை செய்தாலும் கேட்கப்போவது இந்த மூன்றைத்தான்.

ஆனால் அந்த 580 கலம் நெல்லை விளைவித்தவரும் சுமந்தவரும் அந்தக் கல்லைப் படித்திருப்பார்களா? பிற்காலத்திலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கிராமக் கணக்கு கர்ணத்தின் கையில் இருந்தது. அது பரம்பரைப் பதவி. களத்துமேட்டில் பொலி அளக்கிறவர் ஒருவர், ஓரமாக உட்கார்ந்து எழுதுகிறவர் இன்னொருவர். எழுதியது சரிதானா என்று அளந்தவர் கேட்க முடியாது. 1980-ல்தான் தமிழக அரசு அந்தப் பரம்பரை முறையை ஒழித்தது. பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் தேர்வெழுதி வந்தார்கள்.

பெண்களுக்குக் கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தியிருந்தது. சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். வேலூர்ச் சிறையில் இருந்தபோதுதான் கணக்கியல் படிப்பது என்று முடிவெடுத்தார். 1933-ல் தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்யக் கூடாது என்று அப்போது ஒரு விதி குறுக்கே நின்றது. வழக்குப் போட்டு வென்று, 1937-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பின்னாளில் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்தியப் பிரிவுக்கே தலைவராக இருந்தார். இந்த அரங்கில் இத்தனை பெண்கள் உட்கார்ந்திருப்பதற்குப் பின்னால் அப்படிப்பட்டவர்களின் பிடிவாதம் இருக்கிறது.

அதன் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் அக்கவுண்டன்சி ஜூனியர், சீனியர் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வு எழுதினார்கள். பல்கலைக்கழகங்களின் அஞ்சல்வழிப் படிப்பு வந்தது. 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நம் ஊருக்கே வந்தது. 2017-ல் மத்திய அரசின் ஸ்வயம் தளம் தொடங்கியது. இன்று செல்போன் வைத்திருப்பவர் யாரும் கணக்கியல் பாடம் கேட்கலாம். பரம்பரையும் வேண்டாம், பஸ் ஏறவும் வேண்டாம்.

சரி, கதவு திறந்தது. உள்ளே வந்த நீங்கள் எதைக் கொண்டுவந்திருக்கிறீர்கள்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு அரிசி ஆலைக் கணக்கில் ஆண்டு முழுக்க 1,000 குவிண்டால் நெல் வாங்கியதாக இருக்கிறது. 750 குவிண்டால் புழுங்கல் அரிசி விற்றதாக இருக்கிறது. ஆரம்ப இருப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு பற்றுக்கும் வரவு இருக்கிறது, இருப்பாய்வு ஒரு ரூபாய் பிசகாமல் நிற்கிறது. கல்லூரியிலிருந்து நேரே வந்த பிள்ளை அதைப் பார்த்து "சரியாக இருக்கிறது சார்" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். ஆலையில் எடை பார்த்தவரோ, "எழுபத்தஞ்சு எந்த மில்லுலயும் விழாதே! தவிடும் உமியும் எங்க போச்சு?" என்பார். அரசுக் கொள்முதல் நெல்லை அரைத்துக் கொடுக்கும்போது குவிண்டாலுக்குப் பச்சரிசி 67 கிலோ, புழுங்கல் 68 கிலோ என்பதுதான் அளவு. அப்படியானால் அந்தக் கணக்கில் எங்கோ எழுதாத நெல் வந்திருக்க வேண்டும், அல்லது நடக்காத விற்பனை எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இருப்பாய்வு எதைக் காட்டிக்கொடுக்காது என்று நீங்களே பரீட்சையில் எழுதியிருப்பீர்கள்: விடுபிழை, விதிப்பிழை, ஈடுசெய்யும் பிழை. எழுதவே எழுதாத பில்லை எந்தக் கூட்டலும் கண்டுபிடிக்காது. சரக்கைப் பார்த்த கண்தான் கண்டுபிடிக்கும். கணக்கு டேலி ஆவது பாதி வேலை. குடோனோடு ஒத்துப்போவதுதான் முழு வேலை. நீங்கள் பயன்படுத்தும் டேலி மென்பொருளே அப்படிப் பிறந்ததுதான். ஆலைகளுக்குப் பொருள் சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்காவுக்குத் தன் வியாபாரத்துக்குப் பொருந்தும் மென்பொருள் கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பரத்தையே எழுதச் சொன்னார். 1986-ல் அப்படித்தான் அந்த நிறுவனம் தொடங்கியது.

இனி கொஞ்சம் கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் வரும். முதலாளி அண்ணாச்சி உங்களைக் கூப்பிட்டு, "ஏம்மா, இந்த அஞ்சு பில்லையும் பர்சேஸ்ல ஏத்திரு" என்பார். சரக்கு வந்ததா என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் லாரி வந்தால் இறக்கிவைப்பதைப் பார்த்தவர் நீங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 16-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: சரக்கோ சேவையோ பெறாமல் வெறும் பில்லை வைத்து உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. அந்த நேரத்தில் சண்டை போட வேண்டாம், மரியாதையும் குறைய வேண்டாம். "அண்ணாச்சி, இதுக்கு இ-வே பில் இல்ல, ஸ்டாக் ரிஜிஸ்டர்ல வரவு இல்ல. நாளைக்கு நோட்டீஸ் வந்தா வட்டியும் அபராதமும் நம்ம தலையிலதான் விழும்" என்று தாளைக் காட்டிச் சொல்லுங்கள். தெரியாமல் கேட்கிற முதலாளிகள்தான் அதிகம். விளைவு என்ன என்று ஒருவர் நிதானமாகச் சொன்னால் பலர் கேட்டுக்கொள்வார்கள். கேட்காதவரும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் எத்தனை நாள் இருப்பது என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதை எளிதான முடிவென்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்த வசதியை நிறுத்திவைக்கவும் கூடாது என்பது விதி. வரகுணன் காலத்துக் கல்லைப் போலவே இதிலும் அடித்தது தெரியும். தவறாக எழுதிவிட்டால் அழிக்கப் பார்க்காதீர்கள். திருத்தப் பதிவு போட்டு, ஏன் திருத்தினோம் என்று விவரக் குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்தாலே ஆடிட்டருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வந்துவிடும்.

இந்தச் சான்றிதழால் எது முடியும், எது முடியாது என்பதிலும் தெளிவாக இருங்கள். தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் அதிகாரம் இதற்கு இல்லை. அது பட்டயக் கணக்காளருக்கு உரியது. ஆனால் மாதா மாதம் 7-ஆம் தேதி டிடிஎஸ், 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 14-ஆம் தேதி வரும் 2பி-யைக் கொள்முதலோடு ஒப்பிடுவது, 20-ஆம் தேதி 3பி என்று ஒரு கடையை ஓட்டிச்செல்லும் திறமை உங்களுக்கு வந்துவிட்டது. அதோடு நின்றுவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது, அதற்கு முன்பு படித்த வரிப் பட்டியலில் பாதி பழசாகிவிட்டது. அறிவிப்புகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் இல்லாவிட்டால் சான்றிதழும் அப்படித்தான் பழசாகும். பிளஸ் டூ தேறியவர்கள் சிஏ ஃபவுண்டேஷனுக்குப் பதிவு செய்யலாம், சிஎம்ஏ பக்கமும் போகலாம். வயது ஒரு தடையில்லை.

நாளைக்கு வேலைக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். உங்கள் கடைப் பேரேட்டில் அனாமத்துக் கணக்கைத் திறந்து பாருங்கள். வித்தியாசம் வந்தபோது யாரோ தற்காலிகமாக ஒதுக்கிவைத்த தொகை மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஒவ்வொரு ரூபாயும் எந்தப் பில், எந்த மூட்டை, எந்த ஆளுக்கு உரியது என்று விசாரித்து, உரிய கணக்குக்கு மாற்றுங்கள். குடோன் பையனிடம் கேளுங்கள், லாரி டிரைவரிடம் கேளுங்கள், பீடி சுற்றும் அக்காவின் பாஸ் புத்தகத்தையும் வாங்கிப் பாருங்கள். அவர்கள் பதில் சொல்வார்கள், ஏனென்றால் நீங்கள் அவர்களில் ஒருவர். எனக்கோ இன்னொரு ஆடிட்டருக்கோ அந்தப் பதில் அவ்வளவு எளிதில் கிடைக்காது. அந்தக் கணக்கைச் சுழியமாக்கிவிட்டு, அண்ணாச்சியிடம் போய்ச் சம்பள உயர்வு கேளுங்கள். தாராளமாகக் கேட்கலாம்; நியாயமாகச் சம்பாதித்த தகுதி அது.