கயிறும் ஊசியும் ஒரே அறையில்

தாய்சேய் நலம் பற்றிய இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் தொடங்குகிறது.

பெரு நாட்டின் அயகூச்சோ வட்டாரத்தில் சான்டில்லானா என்றொரு பகுதி. கெச்சுவா மொழி பேசும் உழவர்கள் வாழும் இடம். ‘ஒளிரும் பாதை’ கிளர்ச்சியாளர்களுக்கும் ராணுவத்துக்கும் இடையே 1980களில் மூண்ட சண்டையில் பெருவிலேயே அதிக உயிர்களை இழந்த வட்டாரம் அயகூச்சோ. 1999இல் சான்டில்லானாவில் சுகாதார நிலையம் இருந்தது. ஆனால் நூற்றுக்கு 6 பிரசவங்களே அதில் நடந்தன.

அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். பெண்களிடமே கேட்டபோது வேறு காரணங்கள் வந்தன. பிரசவ அறை குளிரடித்தது. உடுத்திய துணியைக் களையச் சொன்னார்கள். பணியாளர்களுக்குக் கெச்சுவா தெரியாது. கணவனும் மாமியாரும் வாசலிலேயே நிற்க வேண்டும். வீட்டில் குந்தியபடி, பின்னாலிருந்து ஒருவர் தாங்கிப் பிடிக்கப் பெற்றெடுத்துப் பழகியவளை இங்கே மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். போதாக்குறைக்கு, 1990களின் பிற்பாதியில் அரசின் கருத்தடைத் திட்டத்தில் கெச்சுவாப் பெண்கள் பலருக்கு உரிய சம்மதம் பெறாமலே அறுவை சிகிச்சை நடந்திருந்தது. வெள்ளை அங்கியைக் கண்டு அஞ்ச அவர்களுக்குக் காரணம் இருந்தது.

தாய்மார்கள், ஊர் மருத்துவச்சிகள், சுகாதாரப் பணியாளர்கள் ஆகியோருடன் கலந்தாலோசித்து நிலையத்தின் பிரசவ முறை மாற்றி அமைக்கப்பட்டது. பற்றிக்கொள்ளக் கயிறு, உட்காரப் பலகை, உடன் இருக்கக் குடும்பத்தார், பக்கத்தில் ஊர் மருத்துவச்சி, பேசக் கெச்சுவா. நஞ்சுக்கொடி வழக்கப்படி புதைக்கக் குடும்பத்திடமே தரப்பட்டது. 2007இல் அங்கே நிலையத்தில் நடந்த பிரசவங்கள் 83 சதவீதம். பெருவின் சுகாதார அமைச்சகம் 2005இலேயே செங்குத்து நிலைப் பிரசவத்துக்கென நெறிமுறை வெளியிட்டுவிட்டது.

இந்த மாற்றத்தை வெறும் விட்டுக்கொடுத்தல் என்று எண்ண வேண்டாம். முதுகுத்தண்டில் மரப்பு ஊசி போடாத தாய்மார்களைப் பற்றி காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2017இல் வெளியிட்ட மீளாய்வு, சுமார் 9,000 பேரை உள்ளடக்கிய 30 சோதனைகளை எடைபோட்டது. நிமிர்ந்த நிலையில் பெற்றவர்களுக்குப் பிறப்புவாயைக் கத்தரிப்பதும் ஆயுதம் போட்டு எடுப்பதும் குறைந்தன. அதே ஆய்வு மறுபக்கத்தையும் காட்டியது: அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போவது சற்றுக் கூடலாம். ஆகவே குந்தியிருக்கும் தாயின் பக்கத்தில் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசியும் தயாராக இருக்க வேண்டும். குழந்தை பிறந்ததும் 10 யூனிட் தருவது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வழக்கத்துக்காக ஊசியைக் கைவிடுவதும், ஊசியைக் காட்டி வழக்கத்தை விரட்டுவதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

எண்ணிக்கை ஏறினாலே எல்லாம் சரியாகிவிடாது. பெருவின் வேறு சில மலைப்பகுதிகளில் வீட்டில் பெற்றவர்களுக்கு அபராதம் போட்டார்கள்; பிறப்புச் சான்றிதழ் தர மறுத்தார்கள். அபராதத்துக்குப் பயந்து வந்தவளும் பதிவேட்டில் ஒரு வெற்றியாகத்தான் ஏறியிருப்பாள்.

அவள் பாதுகாப்பாக உணர்ந்தாளா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் யார்? நியூசிலாந்தின் மாவோரிச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டென் இந்தக் கேள்வியைச் செவிலியர் கல்விக்குள் கொண்டுவந்தார். 1988இல் நடந்த ஒரு கூட்டத்தில் மாவோரி மாணவி ஒருவர், சட்டப் பாதுகாப்பு, மருத்துவப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டதிலிருந்து அந்தக் கருத்து வளர்ந்தது. 1992இல் அந்நாட்டுச் செவிலியர் மன்றம் அதைப் பயிற்சியில் சேர்த்தது. எந்தச் சமூகத்துக்கு என்ன வழக்கம் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதை ராம்ஸ்டென் ஏற்கவில்லை. பணியாளர் தன் அதிகாரத்தையும் தன் முன்முடிவுகளையும் முதலில் பார்க்க வேண்டும். பாதுகாப்பா இல்லையா என்பதைச் சேவை பெறுபவர் சொல்ல வேண்டும் என்றார். அப்படிப் பார்த்தால், கெச்சுவாப் பெண் ஒருத்தி கட்டிலே போதும் என்றால் அவளுக்குக் கட்டில்தான்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 2013இல் தொடங்கிய ஒரு சேவையில் இந்தக் கருத்தும் அளவீடும் சேர்ந்தே நடக்கின்றன. பூர்வகுடிச் சமூகம் நடத்தும் இரண்டு சுகாதார அமைப்புகளும் ஒரு மகப்பேறு மருத்துவமனையும் அதன் கூட்டாளிகள். கர்ப்பம் தொடங்கிப் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள் வரை தாய்க்குத் தெரிந்த மருத்துவச்சியே உடன் வருகிறார். பூர்வகுடிப் பணியாளர்கள் குடும்பத்துக்குத் துணை நிற்கிறார்கள். வழக்கமான சேவை பெற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2021இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. இந்தத் தாய்மார்கள் பரிசோதனைக்கு அதிகமுறை வந்திருந்தார்கள், குறைப்பிரசவம் குறைந்திருந்தது, தாய்ப்பால் மட்டுமே கொடுத்தபடி வீடு திரும்பியவர்கள் கூடியிருந்தார்கள்.