முன்னோர் இல்லத்தைப் பேணலும் விற்றலும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் காரியதரிசியவர்கள் இம்மாதம் இலக்கியத்தை விடுத்து வீட்டைப்பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். தமிழாசிரியனுக்கும் கொத்துவேலைக்கும் யாது இயைபு என்று சிலர் புன்னகை புரிதல் காண்கின்றோம். இயைபு உண்டு. நம் குலத்தார் வாழும் தெருக்களிலே, பாட்டன் காலத்து வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலன முதுமையால் வீழ்ந்தனவல்ல. பேணுவாரின்மையானும், பேணுகின்றோம் என்றெண்ணிப் பிழையான மருந்து இட்டமையானும், பங்காளிகள் ஒன்றுபடாமையானும் வீழ்ந்தன. இம்மூன்றுமே இன்று நாம் பேசக் கருதியவை.

முதலாவது மருந்தைப்பற்றிக் கூறுவோம். நம் பழைய வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தது. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசினர் நம் கொத்தர். அக்காரை மூச்சு விடும் இயல்பினது. அஃதாவது, நிலத்தினின்று சுவரில் ஏறும் ஈரம் அதன் வழியே மெல்ல வெளியேறிவிடும். சிமெண்டோ அத்தன்மைத்தன்று. 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் உரிமை பெற்ற அப்பொருள் புதிய கட்டடங்கட்குப் பேருதவி புரிவதே. ஆயினும், அதனைச் சுண்ணாம்புச் சுவரின்மேற் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே நின்றுவிடுகின்றது, மேன்மேலும் ஏறுகின்றது, உவர் பூத்துப் பூச்சு பொரிந்து, விழும்பொழுது செங்கல்லின் முகத்தையும் உடன் பெயர்த்துக்கொண்டு விழுகின்றது. வீட்டுக்காரர், "பூச்சுப் போதவில்லை" என்று கருதி, இன்னும் கனமாகச் சிமெண்டே பூசுகின்றார்! பளபளக்கும் எண்ணெய் வண்ணங்களும் இத்தீங்கையே செய்வன. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து. அதன்மேல் வெள்ளையடித்தலே அணி.

அடுத்தது மேற்றளம். தேக்குக் கட்டைகளை நெருங்கக் கிடத்தி, அவற்றின்மேற் செங்கற்களைச் சாய்வாகக் குத்தி நிறுத்தி, செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் இட்டு அடித்து, தட்டோடு பதித்த மச்சுகள் நம் வீடுகளிற் பல. இவை ஒழுகத் தொடங்கின், மேலும் ஒரு படை கலவை இடுவதே வழக்கமாகிவிட்டது. அஃது ஒழுகலை நிறுத்துவதில்லை. கட்டைகளின் தலையிற் பாரத்தை ஏற்றுவதே அதனால் விளையும் பயன். ஒழுகலின் காரணம் பெரும்பாலும் தூம்பு வாயில் அடைத்த சருகேயாம். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை மேலேறித் தூம்புகளைத் துடைத்து, வெடிப்புகளிற் சுண்ணாம்புக் காரை ஊட்டுக. கட்டைகளின் நடுப்பகுதியைப் பார்த்து மகிழ்ந்துவிடாது, சுவருட் புகும் அவற்றின் முனைகளைக் கோலாற் தட்டிப் பார்க்க. உளுப்பு முதலில் தோன்றுமிடம் அதுவே. வெற்றொலி கேட்பின் தாமதியாது ஆசாரியை அழைக்க. சுவரிடுக்கில் அரசங்கன்று முளைத்தாற் கிள்ளி எறிதல் போதாது. வேர் சென்ற மட்டும் சுவரைத் திறந்து, வேரைக் களைந்து, மீண்டும் கட்டல் வேண்டும்.

மரத்திற்கு எண்ணெய் இடும் வழக்கமும் அருகிவிட்டது. வாயில் நிலைக்கு நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பியிருந்தமையை நெடுநல்வாடை கூறும். அது தெய்வங் கருதிச் செய்தது என்பர்; நாமும் மறுக்கவில்லை. ஆயினும் எண்ணெய் காணாத நிலை வெடிக்கும் என்பதை எந்த ஆசாரியும் கூறுவான். கரையானுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுதல் பழைய முறைகளுள் ஒன்று. அதனினும் சிறந்தது, சுவரடியில் நீர் தேங்காது காத்தல்.

இனி, புதுக்கலைப்பற்றி ஒரு சொல். முதியோர் உள்ள வீட்டிற் படுக்கையறைக்கு அண்மையில் வழுக்காத தரையும் கைப்பிடியும் உடைய கழிப்பறை ஒன்று அமைப்பதும், நெடுங்காலத்து மின்கம்பிகளை மாற்றி, மின்கசிவு கண்டவுடன் ஓட்டத்தை நிறுத்தும் பொறியை வைப்பதும், வாயிலில் ஆயிரம் அலங்காரம் செய்வதினும் மேலானவை. முற்றத்தைத் தகரத்தால் மூடுவோர் பலர். அங்ஙனம் மூடியபின் பகலிலும் விளக்கெரித்து, மின்விசிறியின்கீழ் வியர்த்து அமர்ந்திருக்கின்றனர். காற்றும் ஒளியும் புகும் வாயிலையே அடைத்தோம் என்பது அவர்தம் நினைவிற்கு வருவதில்லை. தமிழ்நாட்டிற் கட்டடந்தோறும் மழைநீரைச் சேர்க்கவேண்டுமென 2003ஆம் ஆண்டில் அரசு விதித்தது. முற்றத்து நீரைக் கிணற்றில் விட்ட நம் பாட்டிமார்க்கு அது புதுமையாகத் தோன்றியிராது. வாஸ்து என்று கூறி நல்ல மாடிப்படியை இடிப்போரைப்பற்றி நாம் ஒன்றும் கூறப்போவதில்லை. இடிக்கும் கூலியை அவர்களே அறிவார்கள்.

நிற்க. யாவற்றினும் முதன்மையானது பங்காளிகளின் செய்தியாம். நாம் நன்கறிந்த வீடொன்று. அதற்கு உரியர் ஒன்பதின்மர். அனைவரும் வெளியூரில் வாழ்வோர். தூம்பு அடைத்தது. அதனை நீக்க ஓராளின் அரைநாட் கூலி போதும். "ஒன்பதிலொரு பங்குடைய யாம் ஏன் முழுக்கூலி தரவேண்டும்?" என்று ஒவ்வொருவரும் எண்ணினர். மூன்று மழைக்காலங் கழிந்தது. மேலைத் தாழ்வாரம் சரிந்தது. அப்பொழுது அறுவர் விற்க விழைந்தனர், இருவர் மறுத்தனர், ஒருவர் எவரையும் வினவாது தம் பங்கை அயலார் ஒருவர்க்கு எழுதிக்கொடுத்துவிட்டார். இன்று அவ்வீடு பூட்டிக் கிடக்கின்றது. சாவி யாரிடம் என்பதிலும் வழக்கு.

இத்தகைய நிலையிற் சட்டம் நமக்குத் துணை நிற்பது பலருக்குத் தெரியாது. பிரிவினையாகாத குடும்ப வீட்டிற் பங்கு வாங்கிய அயலான் உடனே உட்புகுந்து குடும்பத்தாரோடு ஒக்க வசிக்கும் உரிமையுடையானல்லன் என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் கூறுகின்றது. அவன் பாகம் வேண்டி வழக்கிடின், நீதிமன்றம் மதிக்கும் விலையைக் கொடுத்து அப்பங்கைக் குடும்பத்தாருள் ஒருவரே வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் இடந்தருகின்றது. தந்தை உயிலின்றி இறந்து மக்கட்கு இறங்கிய வீட்டில் ஒருவர் தம் பங்கை விற்க முற்படின், உடன் உரியவர்க்கே வாங்கும் முன்னுரிமை உண்டென்பது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம்.

பெண்மக்களின் பங்கைப்பற்றிச் சிலர்க்குக் கசப்பாயினும் கூறியே தீரவேண்டும். தந்தை தாமே ஈட்டி, உயிலின்றி விட்டுச்சென்ற வீட்டில் மகளுக்கு மகனோடு ஒத்த பங்கு 1956 முதலே உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்திலும் 1989ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டுச் சட்டம், அதன்முன் மணமாகாத மகளுக்குப் பிறப்புரிமை அளித்தது. 2005ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமான திருத்தம், மணமான மகளிர்க்கும் அதனை நல்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினைகளை அது தீண்டாது. அத்திருத்தம் வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருத்தல் வேண்டுமென்பதில்லை என்று உச்சநீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. அங்ஙனமிருக்க, மகள் சீமந்தத்திற்கோ காதணி விழாவிற்கோ வந்த இடத்தில், பந்தி முடிந்தவுடன் விடுதலைப் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்துப் பெறும் வழக்கம் நம்மிடையே உள்ளது. "அண்ணன் மனம் கோணலாகாது" என்று அப்பெண் படித்தும் பாராது ஒப்பமிடுகின்றாள். விரும்பி விட்டுக்கொடுப்பின் அவள் பெருந்தன்மை. அறியாமையிற் பெறுதல் நமக்கு அழகன்று. மேலும், தங்கையரின் ஒப்பமின்றி எழுதிய கிரயத்தைத் தெளிந்த எவனும் வாங்கான். வாங்கினும் வழக்கில் முடியும்.

ஆகவே, வீடு நிற்கும்பொழுதே உரியோர் யாவரும், ஆண் பெண் வேறுபாடின்றிக் கூடி ஓர் உடன்படிக்கை எழுதிக்கொள்ளுதல் நலம். ஒருவரைப் பொறுப்பாளராக்குக, ஆண்டுதோறும் பங்கிற்கேற்பப் பணம் இடுக, கூட்டுப் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்று திறந்து, செலவினை எல்லோர்க்கும் காட்டுக. ஒருவர் மிகுதியாகச் செலவிட்டால் அதனை எழுதி வைக்க; பின்னர் விற்கும்பொழுது அது முதலிற் கழிந்துவிடும்.

விற்றே ஆகவேண்டும் என்ற நிலை வரின், மண்ணுக்கு ஒரு விலையும் மரத்துக்கு ஒரு விலையும் தனித்தனி மதிப்பிடுங்கள். காரைக்குடியிற் பழைய தூண்களும் கதவுகளும் விற்கும் கடைத்தெருவை நீங்கள் கண்டிருப்பீர்கள். "பழங்கட்டடம், விலையில்லை" என்று கூறி நிலவிலைக்கே முடித்தவன், மறுவாரம் தூண்களைப் பெயர்த்து அங்கே வண்டியேற்றுவான். கண்ணாற் பார்த்து எளிதில் அறியவொண்ணாக் குறை வீட்டிலோ உரிமையிலோ இருப்பின், விற்போன் அதனை வாங்குவோனுக்கு உரைத்தல் சட்டக் கடமையுமாகும். வெள்ளையடித்து மறைத்தல் வியாபாரத் திறமையன்று.

வாங்குவோர், கோடையிற் பார்த்த வீட்டை மழை நாளில் மீண்டும் ஒருமுறை பார்க்க. சித்திரையிற் கிணற்றில் நீர் உண்டா என்று அண்டைவீட்டுத் தாய்மாரை வினவுக. பத்திரத்து அளவும் தரையின் அளவும் பொருந்துகின்றனவா என்று நில அளவரைக் கொண்டு காண்க. முப்பதாண்டு வில்லங்கச் சான்றே போதுமென்று எண்ணற்க. பதிவாகாத உயிலும், வாரிசுகளின் உரிமையும், நீதிமன்றில் உறங்கும் வழக்கும் அதிற் பெரும்பாலும் காணப்படா. மூலப்பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டுக. பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் கைக்கொண்டு, "இதுவே கிரயம்" என்பாரை நம்பற்க. அதனால் உரிமை மாறாது என்று 2011இல் உச்சநீதிமன்றம் தீர்த்துவிட்டது.

சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தர் இவ்வூரில் இன்று இருவரே உள்ளனர். இருவரும் அறுபதைக் கடந்தோர். அவர்களை வைத்து நம் சங்க மண்டபத்தின் வடசுவரை ஆவணி மாதத்திற் செப்பனிடக் காரியதரிசியவர்கள் இசைந்துள்ளார்கள். நம் இளைஞருட் கட்டட வேலையில் இருப்போர் நால்வரேனும் அப்பொழுது உடன் நின்று, கலவை சேர்க்கும் அளவையும் அரைக்கும் பதத்தையும் எழுதிக்கொள்ள வேண்டுகின்றோம். பெயர் கொடுக்க விழைவோர் இக்கூட்டம் முடிந்தவுடன் நம்மிடமே கொடுக்கலாம்.